பெண்களுக்குத்தான் பக்தி கூடவா? கோயிலடியிலும் பள்ளியடியிலும் கண்டதை எழுதுங்கள்

கல்லடி வாசகர்
அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2016 இல் வெளியிட்ட கணக்கின்படி, 192 நாடுகளில் ஏதாவதொரு சமயத்தைச் சேர்ந்தவர்கள் பெண்களில் 83.4 வீதம், ஆண்களில் 79.9 வீதம். ஆனால் இலங்கையின் கிழக்கில் நமது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எண்ணப் போனால், எதை எண்ணுகிறோம் என்பதிலேயே விடை மாறிவிடுகிறது. கோயில், பள்ளி (பள்ளிவாசல்), தேவாலயம் என்று பழகியவர்கள் விபரமாக எழுதுங்கள்.

தம்பிலுவில் அன்பர்
வைகாசிப் பூரணையை ஒட்டி வரும் கண்ணகி அம்மன் சடங்கைப் பாருங்கள். கதவு திறந்து பூசை செய்பவர் கப்புகனார் என்ற பூசகர், நிருவாகம் வண்ணக்கர் என்ற கோயில் பொறுப்பாளர் கையில், கண்ணகி கதையான வழக்குரையைப் பாடுவதும் ஆண்கள். இதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் பக்தி ஆண்களுடையதாகத் தெரியும்.

வீட்டுக்குள் வாருங்கள். சடங்கு முடியும்வரை மச்சம் (மீன், இறைச்சி) புழங்காமல் பார்ப்பது, சட்டி பானையை வேறாக்குவது, மடைப்பெட்டி என்ற படையல் பெட்டிக்கு அரிசி, தேங்காய், வெற்றிலை, பாக்கு, பழம் குறையாமல் எடுத்து வைப்பது எல்லாம் பெண்கள். இவற்றைவிடப் பெரிய வேலை, எந்த நேர்த்தி (வேண்டுதல்) இன்னும் தீராமல் கிடக்கிறது என்று நினைவில் வைத்திருப்பது. பிள்ளைக்கு அம்மாள் (அம்மை நோய்) கண்டபோது ஒன்று, மகன் வெளிநாடு போனபோது ஒன்று என்று அது கடன் கொப்பி மாதிரி நீளும். மகனுக்காக வைத்ததையும் தாய்தான் மடிப்பிச்சை எடுத்தோ கற்பூரச்சட்டி ஏந்தியோ தீர்க்கிறாள். ஆகவே விபரம் எடுப்பவர்கள் "நேர்த்தி வைத்தீர்களா" என்பதோடு நிற்காமல் "யாருக்காக" என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியில்தான் விசயம் வெளியே வரும்.

இங்கே குடி (வம்சம்) தாய்வழி. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளைதான் வந்து சேருகிறார். வீட்டோடு சேர்ந்து அந்த வீட்டு நேர்த்தியும் விளக்கும் மகளிடம் போய்விடுகின்றன.

அக்கரைப்பற்று நானா
தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகை ஆண்களுக்குக் கடமை, பெண்களுக்குக் கடமையில்லை. அதனால் வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் நின்று தலை எண்ணினால் ஆண்களே கூட. அதே பியூ கணக்கிலும் வாரந்தோறும் தொழுகைக்குப் போகிறோம் என்ற முஸ்லிம் ஆண்கள் 70 வீதம், பெண்கள் 42 வீதம். கிறிஸ்தவர்களிடம் இது மறுபக்கம்: பெண்கள் 53, ஆண்கள் 46. பெண்ணின் ஐவேளைத் தொழுகை வீட்டில் நடக்கிறது, மாதவிலக்கில் விட்ட நோன்பை அவள் பிறகு தனியாகக் களாச் செய்கிறாள். வாசலில் நிற்பவருக்கு அது எதுவும் தெரியாது.

களுவாஞ்சிகுடி அக்கா
நானா சொன்ன அதே பிழை எங்கள் பக்கம் துடக்கால் (மாதவிலக்குத் தீட்டால்) வருகிறது. கேதாரகௌரி விரதம் 21 நாள். 28 நாள் சுற்றில் 5 நாள் துடக்கு என்றால் மிச்சம் 23. நாள் குறித்த விரதம் முழுவதும் அந்த 23க்குள் விழுவது மிகச் சிலருக்குத்தான். அதனால் இளம் பெண்கள் கடைசி 9 நாள், 3 நாள், சிலர் அமாவாசையன்று மட்டும் பிடித்துக் காப்புக் கட்டுவார்கள். "முழு விரதமா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அதைப் பக்திக் குறைவு என்று பதிந்தால், வயது போன அம்மாமாருக்கும் ஆண்களுக்கும் மட்டும் ஈடுபாடு இருப்பதாக முடிந்துவிடும். கேள்வியை "இயன்ற நாள் எத்தனை, பிடித்த நாள் எத்தனை" என்று மாற்றுங்கள்.

மண்டூர் ஆசிரியர்
காரணத்துக்கு வருவோம். 1995 இல் அலன் மில்லரும் ஜோன் ஹொஃப்மனும், பெண்கள் ஆபத்தைத் தவிர்க்க விரும்புபவர்கள், சமயமின்மையும் ஓர் ஆபத்துத்தான், அதனால் பக்தி கூட என்றார்கள். எனக்கு இது போதவில்லை. அது மட்டும்தான் காரணமென்றால் இடைவெளி எல்லாச் சமயத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும். நானா தந்த எண்கள் அப்படிச் சாயவில்லையே.

இங்கே பொறுப்பு எங்கே விழுந்தது என்று பார்ப்பதே சரி. 1990களில் போர்க்காலத்தில் காணாமல் போனவர்களைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் சாமியாடிகளிடம் வாக்குக் கேட்டதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் மட்டக்களப்பில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் இராணுவ முகாம் வாசலுக்கு விசாரிக்கப் போனால் அவர்களையும் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் அங்கேயும் பெண்களே போனார்கள். அங்கே கிடைக்காத பதிலைக் கேட்கத்தான் அம்மன் முன்னால் வந்து நின்றார்கள்.