ஆத்த தாண்டினதும் எலெக்ஷனே வேற மாதிரி இருக்கே, பென்சில்வேனியால அப்படி என்னதான் நடக்குது?

ஆத்தங்கரை_வாசி:
மக்களே ஒரு சந்தேகம். ஆறு வருஷம் நியூ ஜெர்சில எடிசன் பக்கம் இருந்தோம், 2024 மே மாசம் பென்சில்வேனியா பக்ஸ் கவுண்டிக்கு (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) வீடு மாறினோம். நடுவுல ஒரு டெலவேர் ஆறுதான், பாலம் ஏறி இறங்கினா பழைய ஊரு. ஆனா அந்த வருஷ பிரசிடென்ட் எலெக்ஷன் வந்தப்ப வேற நாட்டுக்கே வந்துட்ட மாதிரி ஆயிடுச்சு. அங்க இருந்தப்ப 2020ல தேர்தல் நடக்குறதே டிவி பாத்துதான் தெரியும், இங்க என்னடான்னா தினம் மெயில் பாக்ஸ் நிறைய அட்டை, பையன் யூட்யூப்ல எதையாவது பாத்தா நடுவுல ஒருத்தர் இன்னொருத்தரை திட்டுற விளம்பரம், ஞாயித்துக்கிழமை சாப்பிட உக்காந்தா கதவைத் தட்டுறாங்க. நமக்கு ஹெச்1பி வேலை விசா, ஓட்டே கிடையாதுங்கன்னு சொன்னாலும் பரவால்ல தெரிஞ்சவங்க கிட்ட சொல்லுங்கன்னு நோட்டீஸை கைல திணிச்சிட்டு போறாங்க. ஏன் இந்த ஒரு ஸ்டேட்டுக்கு மட்டும் இவ்ளோ ஆட்டம்?

இன்னொண்ணு, 2020ல புதன்கிழமை விடிகாலை ட்ரம்ப் கிட்டத்தட்ட ஏழு லட்சம் ஓட்டு முன்னாடி இருந்தார், சனிக்கிழமை பைடன் ஜெயிச்சாச்சுன்னாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் இன்னும் அது திருட்டுன்னே சொல்லிட்டிருக்கார், எனக்கு பதில் சொல்லத் தெரியல. 2024ல ஏன் அந்த மாதிரி இழுக்கல?

பிட்ஸ்பர்க்_ஃபில்டர்காபி:
முதல் கேள்வி ஈஸி. பிரசிடென்ட்டை முறைப்படி ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குறவங்கதான் எலெக்டர், நியூ ஜெர்சிக்கு 14 பேர், ஆனா 1988க்கு அப்புறம் பிரசிடென்ட் எலெக்ஷன்ல அங்க குடியரசுக் கட்சி (ட்ரம்ப் கட்சி) ஜெயிச்சதே இல்ல, முடிவு தெரிஞ்ச மேட்ச்க்கு யாரு காசு இறைப்பா? பென்சில்வேனியாவுக்கு 2020 வரைக்கும் 20, அந்த சென்சஸுக்கு அப்புறம் 19. ஸ்டேட்ல எதிராளியைவிட ஒரே ஒரு ஓட்டு அதிகமா வாங்கினாலும் மொத்த எலெக்டரும் அவருக்குத்தான். 2016ல ட்ரம்ப் ஜெயிச்சது 44,292 ஓட்டுல, 2020ல பைடன் 80,555ல, 2024ல ட்ரம்ப் ஒரு லட்சத்து இருபதாயிரம் சொச்சம். அறுபது எழுபது லட்சம் பேர் ஓட்டு போடுற ஸ்டேட்ல இதெல்லாம் ஒரு வித்தியாசமா?

நீங்க குடி போன பக்ஸ் கவுண்டி வேற, சொல்லவே வேணாம். 2024ல அங்க ட்ரம்ப் சில நூறு ஓட்டுல ஜெயிச்சார், அந்த கவுண்டில 1988க்கு அப்புறம் குடியரசுக் கட்சி ஜெயிச்சது அப்பதான். உங்க வீட்டுக் கதவைத் தட்டாம யார் கதவைத் தட்டுவாங்க 😀 மேல எரி கவுண்டியும் கிழக்க நார்தாம்ப்டனும் இன்னும் மோசம், 2012 ஒபாமா, 2016 ட்ரம்ப், 2020 பைடன், 2024 திரும்ப ட்ரம்ப், ஒவ்வொரு தடவையும் ஸ்டேட் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே சாயுற ஊருங்க.

பூத்து_டீச்சரம்மா:
ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன், சிட்டிசன் ஆனதுல இருந்து எங்க ஏரியா பூத்துல வேலை பாக்குறேன்.

2019 அக்டோபர்ல ஆக்ட் 77ன்னு ஒரு சட்டம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஊர்ல இல்ல, உடம்பு முடியலன்னு காரணம் சொன்னாதான் தபால் ஓட்டு, இந்த சட்டத்துக்கு அப்புறம் யார் வேணா கேக்கலாம். பாஸ் பண்ண சட்டசபைல குடியரசுக் கட்சிதான் மெஜாரிட்டி, கையெழுத்து போட்டது ஜனநாயகக் கட்சி (பைடன் கட்சி) கவர்னர் டாம் உல்ஃப், இதை உங்க ஆபீஸ்காரர்கிட்ட முதல்ல சொல்லுங்க. அடுத்த வருஷமே கொரோனா, தபால்ல மட்டும் இருபத்தாறு லட்சம் ஓட்டு வந்து குவிஞ்சிருச்சு.

இங்கதான் சிக்கலே. தபால் கவரை தேர்தல் அன்னிக்கு காலை 7 மணிக்கு முன்னாடி பிரிக்கவே கூடாதுன்னு சட்டம். ஃப்ளோரிடால எல்லாம் முன்னாடியே பிரிச்சு ரெடியா வெச்சிருப்பாங்க, அதனால அன்னிக்கு ராத்திரியே ரிசல்ட். இங்க வெளிக்கவர்ல கையெழுத்து தேதி பாக்கணும், அதுக்குள்ள இன்னொரு ரகசியக் கவர், அந்தக் கவர் இல்லாம வெறும் சீட்டு மட்டும் இருந்தா அது செல்லாதுன்னு ஸ்டேட் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, அப்புறம் மடிப்பை நீவி ஸ்கேனர்ல விடணும். லட்சக்கணக்குல இதை செஞ்சு பாருங்க. அன்னிக்கு பூத்து வேலையும் பாக்கணும்னு சில கவுண்டில மறுநாள் காலைலதான் கவரையே தொட்டாங்க.

இதுல தபால் ஓட்டு வேணாம், நேர்ல போங்கன்னு ட்ரம்ப் சொல்லிட்டே இருந்ததால அவர் ஆளுங்க பூத்துக்கு வந்தாங்க. தபால்ல வந்ததுல நாலுக்கு மூணு பைடனுக்கு. பூத்து ராத்திரி எட்டு மணிக்கு மூடினதும் மெஷின்ல இருந்து எண்ணிக்கை அச்சான டேப் வந்துரும், அது முதல்ல ஏறுது, தபால் பின்னாடி மெதுவா ஏறுது. ஏழு லட்சம் முன்னாடி இருந்தார்ங்கிறது எந்தப் பெட்டிய முதல்ல எண்ணினாங்கங்கிற கதை, அவ்ளோதான். முன்கூட்டியே பிரிக்க விடுங்கன்னு கவுண்டிகாரங்க தேர்தலுக்கு முன்னாடியே கெஞ்சினாங்க, ரெண்டு கட்சியும் பேசி முடிக்கல.

2022ல ஆக்ட் 88 வந்துச்சு, ஸ்டேட் தர பணம் வாங்குற கவுண்டி தபால் ஓட்டை எண்ண ஆரம்பிச்சா நிறுத்தாம முடிக்கணும். தபால் ஓட்டும் 2024ல குறைஞ்சுது, ட்ரம்ப் பக்கமே இந்த தடவை தபால்ல போடுங்கன்னாங்க, அதான் விடியறதுக்குள்ள ரிசல்ட் தெரிஞ்சிருச்சு. ஏழு மணி சட்டம் மட்டும் அப்படியேதான் இருந்துச்சு.

ஒரு விஷயம் தம்பி, லைசென்ஸ் எடுக்கப் போறப்ப ஸ்க்ரீன்ல ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் வந்தா ஆமான்னு அமுக்கிடாதீங்க, பின்னாடி க்ரீன் கார்டு சமயத்துல பெரிய வம்பாயிடும்.

சும்மா_கேக்குறேன்:
எல்லாம் சரி, ஃபிலடெல்ஃபியால மட்டும் ஏன் அவ்ளோ லேட்? எண்ணுறதை பாக்க வந்த கட்சி ஆளுங்கள, அதான் வாட்சர்ஸ, உள்ள விடலன்னு அப்ப நியூஸ் வந்துச்சே. புகை இல்லாம நெருப்பு இருக்குமா... சாரி உல்டாவா சொல்லிட்டேன்

பிட்ஸ்பர்க்_ஃபில்டர்காபி:
ப்ரோ, ஓட்டு எண்ணின கன்வென்ஷன் சென்டர்ல ரெண்டு கட்சி ஆளும் இருந்தாங்க, சண்டை எத்தனை அடி தள்ளி நிக்கணும்ங்கிறதுல. அதை விடுங்க, நம்பரை பாருங்க. ஃபிலடெல்ஃபியால 2016ல ட்ரம்ப் வாங்கினது 15 சதவீதம் சொச்சம், 2020ல கிட்டத்தட்ட 18. திருடுறவன் அவர் பங்கை ஏத்தி விட்டா திருடுவான்? பைடனை ஜெயிக்க வெச்சது சுத்தி இருக்குற மான்ட்கோமரி, செஸ்டர், டெலவேர், பக்ஸ் கவுண்டிங்க, அப்புறம் எங்க ஊர் அலிகெனி. சிட்டி தேர்தலை நடத்துன மூணு கமிஷனர்ல ஒருத்தர் ஆல் ஷ்மிட், குடியரசுக் கட்சிக்காரர், கணக்கு சரின்னு டிவில வந்து சொன்னதுக்கு அவர் குடும்பத்துக்கே கொலை மிரட்டல் வந்துச்சு. 2023ல ஸ்டேட் மொத்தத்துக்கும் தேர்தல் பொறுப்பை அவர்கிட்டதான் குடுத்தாங்க.

சும்மா_கேக்குறேன்:
ட்ரம்ப் பங்கு ஏறினது எனக்குத் தெரியாது. ஓகே, அந்தப் பாயின்ட்டுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மன்னார்குடி_மைனர்:
நான் ஊர்ல இருந்து படிச்சிட்டிருக்கேன். நம்மூர்ல காலை எட்டு மணிக்கு முதல்ல தபால் ஓட்டைத்தானே எண்ண ஆரம்பிப்பாங்க, இவங்க அப்படியே தலைகீழ். அதைவிட ஆச்சரியம் ஒரே தேர்தலை 67 கவுண்டி 67 விதமா நடத்துறது, நம்ம தேர்தல் கமிஷன் மாதிரி மேல ஒருத்தர் இல்லையா? 2024ல ட்ரம்ப்பை எதிர்த்து நின்ன கமலா ஹாரிஸுக்கு அவங்க தாத்தா ஊர் துளசேந்திரபுரத்துல கோயில்ல பூஜை எல்லாம் பண்ணாங்க, எங்க பக்கத்து ஊருதான். அங்க பூஜை பண்ணி என்ன, எரி கவுண்டி கைவிட்டுருச்சே 🙄

பூத்து_டீச்சரம்மா:
ஸ்டேட்ல ஒரு செயலாளர் உண்டு, வழிகாட்டுதல் குடுப்பார், ஆனா பெட்டி, ஆள், எண்ணிக்கை எல்லாம் கவுண்டி கைல. எங்க பூத்துக்கு மேல இருக்குறவருக்கு ஜட்ஜ் ஆஃப் எலெக்ஷன்னு பேரு, கோர்ட் ஜட்ஜ் எல்லாம் இல்ல, நம்ம தெருக்காரங்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்தவர், நாலு வருஷப் பதவி.

ஆத்தங்கரை_வாசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், டீச்சரம்மா லைசென்ஸ் விஷயம் சொன்னதுக்கு தனியா நன்றி, அடுத்த மாசம் எனக்கு ரினியூவல். கடைசியா ஒண்ணு, அந்த 19 எலெக்டர் யாரு, சீட்டுல அவங்க பேரே இருக்காதாமே?

பூத்து_டீச்சரம்மா:
இருக்காது. மத்த ஸ்டேட்ல பெரும்பாலும் கட்சி மாநாடோ கமிட்டியோ தேர்ந்தெடுக்கும், இங்க வேட்பாளரே தன் பக்கத்து லிஸ்டை குடுத்துருவார். ஜெயிச்சவர் லிஸ்ட்ல இருக்குறவங்க டிசம்பர்ல ஸ்டேட் தலைநகர் ஹாரிஸ்பர்க்ல கூடி ஓட்டு போடுவாங்க. 2020ல டிசம்பர் 14. அதுக்கு அப்புறமும் ஜனவரி 6 அன்னிக்கு ஆரம்பிச்ச காங்கிரஸ் கூட்டத்துல பென்சில்வேனியா ஓட்டை ஏத்துக்க மாட்டோம்னு ஆட்சேபம் வந்துச்சு, செனட்ல 92க்கு 7னு தள்ளிட்டாங்க. பூத்துல நாங்க டேப்பை கிழிச்சு கதவுல ஒட்டி ரெண்டு மாசம் கழிச்சு.