லாங் ரன்ல பாதியிலயே முட்டி பிடிச்சுக்குது, ஜனவரில மாரத்தான், யாராவது சொல்லுங்க

குன்னூர்_ஓட்டம்:
வணக்கம், கொஞ்சம் அவசரம். சென்னையில ஓடப்போற என் மொத மாரத்தானுக்கு ரெடி ஆயிட்டு இருக்கேன், நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு, இப்ப கொஞ்ச நாளா லாங் ரன்ல பாதி தாண்டுனா முட்டி பிடிச்சுக்குது, நின்னா சரியாயிடுது, திரும்ப ஓடுனா உடனே வந்துடுது. நடக்கறதுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. ஐஸ் வச்சாச்சு ஸ்ப்ரே அடிச்சாச்சு. காசு கட்டி ரெஜிஸ்டர் பண்ணியாச்சு, விட மனசே இல்ல. என்ன பண்ணலாம்?

பாதரசம்:
எந்த முட்டி? உள்பக்கமா, வெளிப்பக்கமா, சில்லுக்கு அடியிலயா? வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடறீங்க? எந்த ரோடு? இது எதுவும் சொல்லாம எப்படிங்க பதில் சொல்றது.

ஏரிச்சுத்து_கொடை:
ஷூதான் ப்ரோ, வேற ஒண்ணுமே இல்ல. 700, 800 கிலோமீட்டர் ஓடுன ஷூன்னா அடியில குஷன் செத்துப் போயிருக்கும், மேல பாத்தா புதுசு மாதிரியே இருக்கும். மாத்திப் பாருங்க.

அரவேணு_ரன்னர்:
ஷூ எல்லாம் அப்புறம். உடம்புல உப்பு இறங்குனா தசை இறுகும், தசை இறுகுனா முட்டிய இழுக்கும். குளுருல வேர்க்கலன்னு நெனச்சு தண்ணியே குடிக்காம ஓடுவோம், நம்ம ஊர்ல எல்லாரும் பண்றதுதான். உப்பு போட்ட மோர் குடிங்க, முந்தின நாள் ராத்திரி ராகிக் களி சாப்பிடுங்க.

சமவெளிச்_சிங்கம்:
இதே கேள்வி இங்க மாசாமாசம் வருது. பழசத் தேடிப் படிச்சுட்டுக் கேட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம். 42.195 கிலோமீட்டர்ங்கிறது ஆசைப்பட்டு ஓடற தூரம் இல்லைங்க தம்பி. மொதல்ல 10, அப்புறம் ஹாஃப், அது ரெண்டு மூணு ஓடி முடிச்சுட்டு ஃபுல் பத்தி யோசிக்கணும்.

குன்னூர்_ஓட்டம்:
தம்பியும் இல்ல ப்ரோவும் இல்ல, நான் பொண்ணு. ஹாஃப் ஓடி முடிச்சுட்டுத்தான் சார் இதுக்கே வந்தேன். வலது முட்டி, வெளிப்பக்கம், ஒரு விரல் வச்சு இங்கதான்னு காட்டலாம். ஷூ புதுசு. குன்னூர்ல கெளம்பி வெலிங்டன், அருவங்காடு, எல்லநள்ளின்னு ஊட்டி ரோட்டுலயே ஏறி லவ்டேல் பக்கம் திரும்பி அதே ரோட்டுல இறங்குவேன். ஏறும்போது வலியே இல்ல, திரும்பி கொஞ்ச தூரம் இறங்குனதும் ஆரம்பிக்குது. வண்டி பயத்துல எப்பவும் எதிர்ல வர்ற வண்டி தெரியற மாதிரி வலது ஓரமாத்தான் ஓடறது.

பிசியோ_அக்கா:
இத மொதல்லயே சொல்லியிருந்தா ஷூவும் மோரும் தேவைப்பட்டிருக்காதும்மா. நேர்ல பாக்காம உறுதியா சொல்ல மாட்டேன், ஆனா கேக்கும்போது ஐ.டி. பேண்ட் மாதிரிதான் இருக்கு. இடுப்புல இருந்து தொடைக்கு வெளிப்பக்கமா முட்டிக்குக் கீழ வரைக்கும் வர்ற பட்டை அது. முட்டி ஒரு 30 டிகிரி மடங்குற நேரத்துல எலும்போட அழுந்தும், இறக்கத்துல ஒவ்வொரு அடிக்கும் அது கூடும். ரோட்டு ஓரம் மழைத்தண்ணி வடியறதுக்கு வெளியே சாஞ்சு இருக்கும், நீ ஏறும்போதும் இறங்கும்போதும் வலது ஓரம்னா வலது கால் எப்பவுமே பள்ளத்துல விழுது. வலி அந்தக் கால்லயே வந்ததுல ஆச்சரியமில்ல.
இப்போதைக்கு ஏறி ஓடு, இறங்கறதுக்கு பஸ் பிடி. வலி வந்தா அந்த இடத்துலயே நிறுத்து, பல்லக் கடிச்சுட்டு ஓடாத. வீட்டுல இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, முதுக சுவத்துல ஒட்டி வச்சு, வலது கால நேரா நீட்டி குதிகால் சுவத்த உரசற மாதிரி மெதுவா தூக்கி மெதுவா இறக்கு. சுவர விட்டு கால் முன்னாடி வந்தா இடுப்புத் தசை வேலை செய்யல, தொடைதான் தூக்குதுன்னு அர்த்தம். அப்புறம் பக்கம் மாத்தி மத்த காலுக்கும் செய். வீங்குனாலோ ராத்திரி தூக்கத்துல வலிச்சாலோ டாக்டர்கிட்ட காட்டிரு.

சமவெளிச்_சிங்கம்:
சரி, ஆனா மலையில ஓடிப் பழகி சென்னையில என்ன பண்ணப் போறீங்க? அங்க ஒரே சமதளம், ஜனவரியிலயும் விடிஞ்சு ரெண்டு மணி நேரத்துல கசகசன்னு ஆயிடும். மலைக்காரங்க 30 கிலோமீட்டர் தாண்டுனதும் உக்காந்துருவாங்க, நான் பாத்திருக்கேன்.

ஏரிச்சுத்து_கொடை:
இது என்னங்க பேச்சு? ஊட்டி 2,240 மீட்டர், மெக்சிகோ சிட்டியும் அதே உயரம். 1968 ஒலிம்பிக்ல அங்க மாரத்தான் ஜெயிச்சவர் எத்தியோப்பியாவோட மாமோ வோல்டே, அவரும் மலைநாட்டுக்காரர்தான். மலையில இருந்தா ரத்தத்துல சிவப்பணு கூடும், கீழ இறங்குனா மூச்சு வாங்காது. சமதளம்தான் வேணும்னா எங்க கொடை ஏரிய சுத்தி ஓடலாம், ஒரு ரவுண்டு 5 கிலோமீட்டர்.

சமவெளிச்_சிங்கம்:
மெக்சிகோ ரேஸ் நடந்ததே மலையிலங்க, அதனாலதான் அவங்களுக்கு சாதகம். இங்க ரேஸ் கடலோரம். நீங்க சொல்றது எனக்குத்தான் சாட்சி.

பாதரசம்:
ரெண்டு பேரும் வேற வேற விஷயத்துக்கு சண்டை போடறீங்க. காத்து அடர்த்திக்குப் பழகறது ஒண்ணு, வெக்கைக்குப் பழகறது இன்னொண்ணு. வெக்கைக்கு 10 நாள்ல இருந்து 14 நாள் வேணும். முடிஞ்சா முன்னாடியே மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கி வெயில்ல ஓடிப் பழகுங்க, முடியலன்னா ரேஸ்ல முதல் 10 கிலோமீட்டர வேணும்னே மெதுவா ஓடுங்க.

கேத்தி_கேரட்:
முட்டி விஷயம் எனக்குத் தெரியாது, ஆனா எல்லநள்ளி வழியா இருட்டுல ஓடறீங்கன்னா ஒண்ணு சொல்றேன். தேயிலைத் தோட்டத்துல இருந்து காட்டெருமை ரோட்டுக்கு வரும், மூடுபனியில பத்தடி கிட்ட போற வரைக்கும் தெரியாது. காதுல பாட்டு மாட்டாதீங்க, நெத்தி லைட் போடுங்க, பாத்தா நின்னு பின்னாலயே வாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல வடகிழக்கு மழை வேற ஆரம்பிச்சுடும், மண்சரிவு இருக்கற எடத்துல ஓரமா ஓடாதீங்க.

குன்னூர்_ஓட்டம்:
எல்லாருக்கும் தேங்க்ஸ். அக்கா சொன்ன மாதிரி ஊட்டி வரைக்கும் ஏறிட்டு பஸ்ல இறங்குனேன், முட்டி சும்மா இருந்துச்சு. சுவத்துல சாஞ்சு கால் தூக்கறதுதான் முடியல, நடுங்குது.

பிசியோ_அக்கா:
நடுங்குனா சரியான தசையில விழுதுன்னு அர்த்தம், விடாம பண்ணு. அடுத்தது சமதளத்துல மெதுவா ஒரு 5 கிலோமீட்டர் ஓடிப் பாரு, அங்கயும் வலி இல்லன்னா மட்டும் கொஞ்சம் கொஞ்சமா தூரத்தக் கூட்டு. இறக்கத்த கடைசியாத்தான் தொடணும், அப்பவும் குட்டிக் குட்டி ஸ்டெப்பா. ஓடிட்டு வந்து சொல்லும்மா.

பாதரசம்:
என்னங்க ஆச்சு? ஓடுனீங்களா?