லிங்கேஜ் டிராக்: பிணைப்பு இழுவையா, பிணைப்பெச்சமா?

வெலிங்டன் (நீலகிரி) – கோதுமைப் பயிர்ப் பெருக்கம்

குழுவினருக்கு வணக்கம். பயிற்சிக் கையேட்டின் வரைவில், விரும்பிய மரபணுவோடு கூடவே வரும் துண்டைக் குறிக்கும் ‘லிங்கேஜ் டிராக்’ என்பதற்கு ‘ஒட்டுச்சுமை’ என்று இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் இதை மாற்றியாக வேண்டும். தோட்டக்கலைக்காரர்களுக்கு ஒட்டு என்றால் ஒட்டுக்கட்டுவதுதான். பழனி மலையில் பிளம்ஸ், பேரி வைத்திருப்பவர் இதை வேர்ச்செடியின் குறை என்றே படிப்பார். ‘சுமை’யும் நமக்குக் கிடைக்காது. ஒரு செடித்தொகையில் மறைந்து நிற்கும் தீய அல்லீல்களை (மரபணு வடிவங்களை) மரபுச்சுமை என்கிறோம். அது வேறு செய்தி.

சொல்ல வேண்டியது இதுதான்: காட்டு உறவிலிருந்து நோயெதிர்ப்பு மரபணு ஒன்றை நல்ல ரகத்துக்குள் கொண்டுவரும்போது, அது தனியாக வருவதில்லை. இரு பக்கமும் கொடையாளியின் (அந்தக் காட்டு உறவின்) குரோமோசோம் துண்டு சேர்ந்தே வருகிறது. 6 முறை பிற்கலப்பு (நல்ல ரகத்தோடே மீண்டும் கலப்பது) செய்தால், பிணைப்பில்லாத, அதாவது அந்த மரபணுவோடு சேர்ந்து வராத இடங்களில் கொடையாளியின் பங்கு 0.8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் 100 சென்டிமார்கன் (மரபணு வரைபடத்தில் தொலைவின் அலகு) நீளமுள்ள குரோமோசோமின் நடுவே அந்த மரபணு இருந்தால், அதைச் சுற்றிச் சராசரியாக 32 சென்டிமார்கன் அப்போதும் மிஞ்சும். தக்காளியில் தேமல் வைரஸை எதிர்க்கும் டிஎம் 2 மரபணுவைச் சுற்றி 1989இல் அளந்து காட்டினார்கள்: 11 பிற்கலப்புக்குப் பிறகும் ஒரு ரகத்தில் கொடையாளியின் குரோமோசோம் கரம் முழுதும் அப்படியே இருந்தது. கோதுமையில் துரு நோய் வராத செடியை மட்டும் பார்த்துப் பொறுக்கினால் மரபணு தங்கும். அதன் இரு பக்கமும் என்ன இருக்கிறது என்று தெரியாது.

என் முன்மொழிவு: பிணைப்பு இழுவை.

கொடைக்கானல் – கலைச்சொல் தொகுப்பு

ஐயா, ஒட்டுச்சுமையை நீக்குவதில் எனக்கும் உடன்பாடே. இயற்பியலில் இழுவை என்ற சொல் இருப்பது தடையில்லை, துறை வேறு. ஆனால் உங்கள் விளக்கத்தில் இருப்பது ஒரு துண்டு, அதற்கு நீளம் உண்டு. நீங்கள் தரும் சொல்லோ ஒரு செயலின் பெயர். ‘இழுவை 32 சென்டிமார்கன்’ என்று மாணவர் எப்படி எழுதுவார்? ‘பிணைப்பெச்சம்’ என்று பாருங்கள். எச்சத்தின் நீளம், எச்சம் குறைதல், எச்சமற்ற வழி (செடிவரிசை) என்று எல்லா இடத்திலும் புழங்கும். பறவை எச்சம் நினைவுக்கு வரும் என்பார்கள். பெயரெச்சம், வினையெச்சம் படித்த எவருக்கும் அது தடையாகாது.

முத்தோரை (நீலகிரி) – உருளைக்கிழங்கு

எந்தச் சொல் நின்றாலும், வரையறையில் ‘பிற்கலப்பு’ என்று கட்டாதீர்கள். உருளை நான்மடியம் (ஒவ்வொரு குரோமோசோமும் நான்கு படி), 48 குரோமோசோம். ஒரே ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்தால் உட்கலப்புத் தளர்ச்சி வந்து விளைச்சல் விழும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வேறு ரகத்தோடு கலக்கிறோம். நீலகிரியில் 1961இல் தங்க நூற்புழு கண்டறியப்பட்ட பின், எதிர்ப்புத்திறனை ஆண்டிஸ் மலை வகைகளிலும் காட்டு உறவுகளிலும் தேட வேண்டியிருந்தது. அவற்றோடு தாமத முதிர்ச்சி, ஆழக்கண், சிறு கிழங்கு என்று பலவும் வரும். எல்லாமே பிணைப்பால் வருவதில்லை, பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கும். மரபணுவின் அருகிலிருந்து வருவதை மட்டுமே இந்தச் சொல் குறிக்க வேண்டும்.

வெலிங்டன்

> ‘இழுவை 32 சென்டிமார்கன்’ என்று மாணவர் எப்படி எழுதுவார்?

சரியான கேள்வி, அம்மா. கோதுமையில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. எல்ஆர் 24 என்ற இலைத்துரு எதிர்ப்பு மரபணு, கோதுமையின் காட்டு உறவான தினோபைரம் புல்லிலிருந்து வந்தது. அதே துண்டில் தண்டுத்துருவை எதிர்க்கும் எஸ்ஆர் 24உம் இருக்கிறது. சி 306 ரகத்துக்குள் இதைச் சேர்த்து வந்ததுதான் எச்டபிள்யூ 2004. இங்கே கூட வந்தது வரவு. அதே புல்லிலிருந்து வந்த எல்ஆர் 19ஓடு மாவை மஞ்சளாக்கும் மரபணுவும் வந்தது; அதனாலேயே அதைப் பல ஆண்டுகள் ரகங்களில் பயன்படுத்தத் தயங்கினார்கள். இரண்டும் எச்சமே. இரண்டாவது மட்டுமே இழுக்கிறது. ஆகவே துண்டுக்குப் பிணைப்பெச்சம், அதனால் வரும் கேட்டுக்குப் பிணைப்பு இழுவை என இரு சொல்லும் வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறார்கள் என்பதற்காக நாமும் குழப்ப வேண்டியதில்லை.

கையேட்டில் இன்னொன்றும் சேர வேண்டும். மேலே தந்த 32 என்ற கணக்கு, இரு குரோமோசோம்களும் இணைசேர்ந்து குறுக்கேற்றம் (துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்தால்தான் செல்லும். புல்லின் துண்டு கோதுமைக் குரோமோசோமோடு இணைசேர்வதை 5பி குரோமோசோமிலுள்ள பிஎச் 1 மரபணு தடுக்கிறது. எத்தனை பிற்கலப்பு செய்தாலும் எச்சம் அதே நீளத்தில் நிற்கும். பிஎச் 1 இல்லாத சடுதிமாற்ற வழியோடு கலந்து, குறுக்கேற்றம் நடந்த செடியைக் குறிப்பான் (அந்த இடத்தைக் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) வைத்துப் பிடித்து, பிறகு பிஎச் 1ஐ மீட்க வேண்டும். மீட்காமல் விட்டால் குரோமோசோம்கள் தாறுமாறாக இணைந்து மணி பிடிப்பது குறையும்.

கொடைக்கானல்

இரண்டு சொல்லும் இருக்கட்டும். எச்சத்தை நறுக்கும் முறையையும் எண்ணோடு தருகிறேன், சரிபாருங்கள்:

‘மரபணுவிலிருந்து 5 சென்டிமார்கன் தொலைவில் பக்கத்துக்கு ஒரு குறிப்பான் வையுங்கள். ஒரு பக்க எச்சம் அதற்குள் அறுந்த செடி 95 சதவீத வாய்ப்போடு கிடைக்க, மரபணு உள்ள 59 செடிகள் தேவை. பாதியில்தான் மரபணு இருக்கும் என்பதால் 118க்குக் குறையாமல் விதையுங்கள். மறு பக்கத்தை அடுத்த தலைமுறையில் நறுக்குங்கள். இரண்டையும் ஒரே தலைமுறையில் தேடினால் மரபணு உள்ளவையே 1,200 அளவுக்கு வேண்டியிருக்கும்.’

முத்தோரை ஐயா, நான்மடியத்துக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. உருளைக்கான பத்தியை நீங்களே எழுதித் தந்தால் இதன் கீழ் சேர்த்துவிடுகிறேன்.