நாடகமும் நடனமும்: தேர்வுப் பாடமா, மாலை நேர மன்றமா?

கணித ஆசிரியை:
உயர்நிலைப் பள்ளியில் நாடகத்தையும் நடனத்தையும் மதிப்பெண் பாடமாக்குவதை எதிர்க்கிறேன். கலை மீது எனக்கு வெறுப்பில்லை. மாலையில் மன்றமாக நடக்கட்டும், விரும்புகிறவர்கள் எல்லாரும் ஆடட்டும். ஆனால் ஐந்து வயதிலிருந்து தனி வகுப்பில் பழகிய பிள்ளையையும் இந்த ஆண்டுதான் முதல் அடி எடுத்து வைக்கும் பிள்ளையையும் ஒரே அளவுகோலால் அளப்பது அநியாயம்.

அரங்கத் தோழன்:
மன்றத்தில் யார் சேர்வார்கள், அம்மா? ஏற்கெனவே கூச்சம் தெளிந்தவர்கள்தான். உரத்த குரல் உள்ளவனுக்கு முதன்மை வேடம், மற்றவர்கள் பின்னால் கூட்டமாக நிற்பார்கள். பாடம் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் வேலை கொடுத்தாக வேண்டும். ஒளியமைப்பு, ஒப்பனை, மேடை நிர்வாகம் எல்லாம் பாடத்திற்குள் வரும்.

ஒரு தகப்பன்:
அந்த வயதில் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பே புதிதாக இருக்கிறது. வகுப்பின் நடுவில் நிறுத்தி, “அழுது காட்டு” என்று சொல்லி, அதற்கு மதிப்பெண்ணும் போட்டால் என் மகள் பள்ளிக்கே போக மாட்டாள்.

அரங்கத் தோழன்:
உங்கள் பயம் நியாயமானது, ஐயா. எடுத்தவுடன் அழச் சொல்வது மோசமான கற்பித்தல். பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த விவாத அரங்கைப் பாருங்கள். ஒடுக்கப்படும் ஒருவரின் காட்சி நடக்கும். பார்வையாளர் யாரும் அதை நிறுத்தி, அவருடைய இடத்தில் தாமே நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம். மற்றவர்களால் சீண்டப்படும் மாணவனின் கதையை இப்படி நடித்தால், எதிர்த்துப் பேசும் வாக்கியத்தைப் பிள்ளைகள் தங்கள் வாயாலேயே சொல்லிப் பழகுகிறார்கள். அறிவுரைக் கூட்டத்தில் இது நடக்காது.

கணித ஆசிரியை:
அது நல்ல பயிற்சிதான். மதிப்பெண் எதற்கு என்றுதான் கேட்கிறேன். நாட்டிய சாத்திரம் அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என்று நான்காகப் பிரிக்கிறது. உடலசைவு, குரல், வேடப்புனைவு மூன்றையும் ஒருவாறு அளந்துவிடலாம். உள்ளத்திலிருந்து வரும் சாத்துவிகத்துக்கு எத்தனை மதிப்பெண்? பத்துக்கு ஆறா?

நடனம் கற்பிப்பவள்:
அதை அளக்கவே வேண்டாம். மாணவி எடுத்த முடிவுகளை மதிப்பிடலாம். நடனக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபான் அசைவின் இயல்பை எடை (அசைவில் தரும் அழுத்தம்), நேரம், வெளி, ஓட்டம் என்ற நான்கால் விளக்கினார். “இந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து எடையைக் கூட்டினேன், பாத்திரம் தயங்குகிறது” என்று அவள் ஒத்திகைக் குறிப்பேட்டில் எழுதி, அதை ஆடியும் காட்டினால் ஆசிரியரால் சரிபார்க்க முடியும். மனப்பாடமான உருப்படியை ஆடுவதற்கு மதிப்பெண் தராமல், தானே அமைத்த இரண்டு நிமிட நடனத்துக்குத் தந்தால் தனி வகுப்பின் சாதகமும் வெகுவாகக் குறையும். இயற்பியல்கூட இதில் இருக்கிறது: சுழலும்போது கைகளை உடலோடு சேர்த்தால் சுழற்சி வேகம் கூடுவதை அவள் தன் உடம்பிலேயே உணர்கிறாள்.

கணித ஆசிரியை:
குறிப்பேட்டை ஏற்கிறேன். ஆனால் அழகாக எழுதத் தெரிந்த பிள்ளை அங்கே முந்திவிடும். எழுத்தில் திணறி மேடையில் மின்னுகிறவனுக்காகத்தானே இந்தப் பாடத்தையே கேட்கிறீர்கள்?

நடனம் கற்பிப்பவள்:
அவன் எழுத வேண்டியதில்லை. ஆடி முடித்தபின் ஆசிரியரிடம் வாய்மொழியாக விளக்கட்டும். அதற்கும் எழுத்துக்கு இணையான மதிப்பெண் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு தகப்பன்:
மேடை ஏறாமல் ஒளியமைப்பை மட்டும் எடுத்தால் முழு மதிப்பெண் கிடைக்குமா? அதைச் சொல்லுங்கள், மகளிடம் பேசிப் பார்க்கிறேன்.