"சலம் லேசாப் போகுதா அப்பா?": மட்டக்களப்பு வாட்டில் யூரோலஜி சொல்லிக் கொடுத்த அனுபவங்கள்

வாட்டில் கற்பிக்கும் டொக்டர்:

மட்டக்களப்பில் மருத்துவ மாணவர்களுக்கு யூரோலஜி, அதாவது சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு நோய்களுக்கான மருத்துவம், சொல்லிக் கொடுக்கிறேன். கிடைப்பது கொஞ்ச நாட்கள்தான். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் படிநிலைகளை ஒப்பிக்க வைத்து அதைச் செலவழிக்க எனக்கு மனம் வருவதில்லை. இவர்களில் பெரும்பாலானோர் யூரோலஜிஸ்ட் ஆகப்போவதில்லை. ஆனால் என்றாவது ஒரு இரவு, வாகரை மாதிரித் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், சலம் (சிறுநீர்) அடைத்துத் துடிக்கும் மனிதர் ஒருவர் முன்னால் தனியே நிற்பார்கள்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வயதான விவசாயி ஒருவர் வந்திருந்தார். மாணவர் ஒருவர், "சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா?" என்று கேட்டார். "இல்ல மகன்" என்றார். அடிவயிறு தொப்புள் வரைக்கும் பானை மாதிரி எழும்பி நிற்கிறது! கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு பிள்ளைகள், பாதிப் பேர் பெண்கள். மூன்று பேரை மட்டும் நிறுத்தித் திரையை இழுத்துவிட்டு, "சலம் லேசாப் போகுதா அப்பா, முக்கணுமா?" என்று கேட்டேன். "மூணு நாளா சொட்டுச் சொட்டாத்தான் மகன். ராவைக்கு அஞ்சாறு தரம் எழும்புறன்" என்றார். அன்றிலிருந்து முதல் வகுப்பில் சலம், கடுப்பு, முக்குதல், சொட்டுதல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். சிங்கள மாணவர்கள் இவற்றை நம் பிள்ளைகளை விட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் பேசும் சொல்லை வாட்டில் சொல்ல வெட்கம்.

அப்புறம் கதீற்றர், அதாவது சலத்தை வெளியே எடுக்கச் சலவழிக்குள் விடும் குழாய். முதலில் பொம்மையில் செய்ய வேண்டும். ஜெல் விட்டுச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் யாருக்கும் வருவதில்லை. குழாயைக் கடைசி வரைக்கும் உள்ளே விட்டு, சலம் வருவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அதன் நுனியில் இருக்கும் பலூனை ஊத வேண்டும். பாதி வழியில் ஊதினால் சலவழி கிழியும். எல்லாம் முடிந்ததும், பின்னுக்குத் தள்ளிய முன்தோலைத் திரும்ப முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். இதை நான் ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு தரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஒருமுறை நான் அதை மறந்துவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் பின்னால் நின்ற தோல் இறுகி, முனை நன்றாக வீங்கியிருந்தது. அந்த மனிதர் வெட்கத்தில் இரவு முழுவதும் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கூடச் சொல்லவில்லை. மூத்த டொக்டர் ஒருவர் கையால் வெகுநேரம் அழுத்தி வீக்கத்தை வடியவைத்துத் தோலை முன்னுக்குக் கொண்டுவந்தார். நான் பக்கத்தில் நின்றேன். இப்போது என் மாணவர்கள், வந்த சலத்தின் அளவோடு முன்தோல் விஷயத்தையும் நோயாளியின் டிக்கெட்டில் (சிகிச்சைக் குறிப்புத் தாளில்) எழுதுகிறார்கள்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பியை, மலவாசல் வழியாக விரலால் பார்க்கவும் கட்டாயம் பழக்குகிறேன், நோயாளியின் சம்மதத்தோடு. சாதாரண வீக்கம் மூக்கு நுனி மாதிரி இருக்கும். நெற்றி மாதிரிக் கல்லாக இருந்தால் புற்றுநோயாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும்.

பயிற்சி டொக்டர், முன்னாள் மாணவி:

"வயிற்றுக்குத்து என்று வரும் பையனின் உடுப்பைக் கழற்றிப் பார்க்காமல் அனுப்பாதே" என்று சேர் சொல்வார். போன வருடம் இரவு ஒரு மணிக்கு, பதினான்கு வயதுப் பையன் ஒருவனைத் தாய் கூட்டிக்கொண்டு வந்தார். வயிற்றுவலி, சத்தி (வாந்தி). நான் பெண் என்பதால் பையன் காட்ட மறுத்தான். ஆண் டொக்டர் ஒருவரைக் கூப்பிட்டு, தாயை வெளியே இருக்கச் சொன்னோம். ஒரு பக்க விதை மேலே ஏறி, தொடவே விடவில்லை. முறுகிவிட்டது. இரத்தம் போகாமல் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் போனால் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு வேகமாகக் குறையும். வலி தொடங்கி மூன்றரை மணித்தியாலம் ஆகியிருந்தது. ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் சேர்ஜனை எழுப்பினோம். தியேட்டரில் முறுக்கை எடுத்ததும் கறுத்திருந்த விதை மெல்ல மெல்லச் சிவந்தது. மற்றப் பக்கத்தையும் சேர்த்தே தைத்து நிறுத்தினார்கள்.

அம்பாறைக் கரையோரக் குடும்ப டொக்டர்:

மாணவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள். வலியில்லாமல் சலத்தோடு இரத்தம் போனால், இங்கே ஆட்கள் சூடு என்று இளநீர் குடிப்பார்கள். இரத்தம் தானாக நிற்கும். புற்றுநோயிலும் அப்படித்தான் நின்று நின்று போகும்; நின்றாலும் கமரா விட்டுச் சிறுநீர்ப்பையைப் பார்த்தே ஆக வேண்டும். என்னிடம் பழக வந்த மாணவர் ஒருவர், நெடுநாள் சிகரெட் பிடித்த ஒரு வாப்பாவிடம், "முதல்முதலா எப்ப போனது?" என்று கேட்டார். மாதம் சொல்லத் தெரியவில்லை. "போன மாரி வெள்ளாமை வெட்டுக்குள்ள மகன். இளநி குடிச்சன், நிண்டுட்டு" என்றார். மாணவர் விரல் விட்டு எண்ணினார். வெட்டு மாசியில். அவர் எங்களிடம் வந்தது ஆவணியில்.