திருகோணமலையில உப்புத்தண்ணி மீன்தொட்டி வச்சிருக்கிற ஆக்கள் உங்கட அனுபவத்தச் சொல்லுங்க

உவர்மலை வாசி:

கடல் பக்கத்தில இருக்கு, உனக்கென்ன குறை, வாளிய எடுத்துக்கொண்டு போய் அள்ளி ஊத்த வேண்டியதுதானே எண்டு சொந்தக்காரர் முழுக்கச் சொல்லுவினம். ஓம், தண்ணிக்குக் காசில்லதான். கொழும்புப் பெடியள் பக்கெட் பக்கெட்டா உப்பு வாங்கிக் கரைக்கிற செலவ நினைச்சா நாங்க குடுத்து வச்ச ஆக்கள். ஆனா இஞ்ச தொட்டி வச்சிருக்கிறவனுக்கு மீனோட வேலை கொஞ்சம், தண்ணியோடதான் முழு மல்லுக்கட்டும். நான் என்ர கதையச் சொல்லுறன், மற்ற ஆக்களும் எழுதுங்க.

என்ர தொட்டி மூண்டடி, 150 லீற்றர் பிடிக்கும். தண்ணி, மணல், கல்லு எல்லாம் சேர 200 கிலோ கிட்ட வரும், அதால கண்ட மேசையில வைக்காம இரும்பில ஸ்டாண்ட் ஒண்டு அடிச்செடுத்தனான். தண்ணிய இன்னர் ஹாபர் பக்கம் அள்ளாதீங்க, டவுன் கான் தண்ணியும் போட் எண்ணெயும் வந்து சேருற இடம் அது. அலஸ்தோட்டத்தில கடல்தொழிலுக்குப் போற அண்ணை ஒராளிட்ட நான் கேன் குடுத்து விடுறனான், அவர் கரைய விட்டு நல்லா வெளியால போய் தண்ணி நீலமாகின பிறகுதான் அள்ளுவார், 20 லீற்றர் கேன் ஒண்டு இருபது கிலோவுக்கு மேல கனக்கும் எண்டதால மனுசனுக்கு டீசலுக்கும் தேத்தண்ணிக்கும் ஏதாவது குடுக்கத்தான் வேணும்.

வந்த தண்ணிய உடன ஊத்துறேல்ல. துணியால வடிச்சு, மூடி போட்ட பரலுக்குள்ள ஏர் பம்பும் விட்டு இருட்டில ரெண்டு கிழமை வைப்பன். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதுக்குள்ள கணக்கில்லாமக் கிடக்கு, அதுகள் செத்து உக்கிறது பரலுக்குள்ள நடந்து முடியோணும், தொட்டிக்குள்ள நடந்தா அமோனியா ஏறி மீன் போய்டும்.

மழை கொண்டு வாற வாடைக் காத்து தொடங்கினா அந்தத் தண்ணியும் மாறிடும். மகாவலி கொட்டியாரக் குடாவிலதான் வந்து விழுது, மழை பலத்தா மூதூர்ப் பக்கம் கடல் பால்தேத்தண்ணி மாதிரிக் கிடக்கும். உப்போட கூடிக் குறையிற தண்ணியின்ர அடர்த்தி 1.025ல நிக்கோணும், உப்பு அளக்கிற ரிப்ராக்டோமீட்டரில ஒரு சொட்டு விட்டுப் பாத்தா 1.020க்கும் கீழ நிண்டதக் கண்டிருக்கிறன். அதால ஐப்பசி மழைக்கு முதல் எல்லாப் பரலையும் நிரப்பிடுவன். சமையல் உப்பப் போட்டுச் சரிக்கட்டலாமோ எண்டு ஒராள் முந்திக் கேட்டவர், ஏலாது. ஆனையிறவு உப்பெண்டாலும் எந்த உப்பெண்டாலும் அது கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைட்தான், கடல்ல இருக்கிற மக்னீசியம், கல்சியம், பொட்டாசியம் அந்த அளவில அதுக்குள்ள இல்ல.

அடுத்தது வெக்கை. தண்ணி 25, 26, போனா 27 பாகையில நிக்கோணும், இஞ்ச வீட்டுக்குள்ளயே மத்தியானம் 32 அடிக்கும். தண்ணியக் குளிராக்கிற சில்லர் வாங்க வசதியில்ல, பழைய கம்பியூட்டர் பேன் ரெண்ட தண்ணிக்கு மேல சரிவாக் கட்டி விட்டிருக்கிறன், ரெண்டு மூண்டு பாகை இறங்குது. கச்சான் காத்து வறண்ட காத்து எண்டதால அந்த நேரம் பேன் நல்லா வேலை செய்யும், ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு லீற்றர் ஆவியாப் போய்டும். போறது உப்பில்லாத நல்ல தண்ணி மட்டும், உப்பு முழுக்கத் தொட்டிக்குள்ளயே நிக்குது. அதால குறைஞ்ச இடத்துக்கு நல்ல தண்ணிதான் விடோணும், கடல் தண்ணிய விட்டுக்கொண்டே போனா உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில மார்க்கரால கோடு கீறி வச்சிருக்கிறன், காலம எழும்பினதும் சாமி கும்பிட முதல் அந்தக் கோட்டத்தான் பாக்கிறது.

நிலாவெளிப் பெடியன்:

அண்ணை தண்ணிக்கதை முழுக்கச் சொல்லிட்டார், நான் மீன்கதை சொல்லுறன். நான் முந்தி வண்ண மீன் பிடிக்க டைவ் அடிச்சனான். சித்திரையில இருந்து புரட்டாசி மட்டும் இஞ்ச கடல் தெளிவு, வாடையோட இஞ்ச ஒண்டும் தெரியாது, அப்ப மேற்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் போடுவம்.

கனபேர் கேக்கிறது வண்ணத்துப்பூச்சி மீன். வடிவுதான், இல்லையெண்டேல்ல. ஆனா அதில கன இனம் கடலுக்குள்ள முருகைக்கல்லில இருக்கிற சின்னச் சின்ன உயிரக் கொத்தித்தான் வாழுறது. தொட்டியில இறாலக் கீறிப் போட்டா கிட்ட வரும், ஒரு கண்ணால சரிஞ்சு பாக்கும், வாய்க்குள்ள எடுத்துத் துப்பிப்போட்டு அங்கால போகும். பிறகு நெத்திக்குப் பின்னால தசை வத்தி முதுகு கத்தி மாதிரி வரும், அந்த நிலைக்கு வந்த மீன் திரும்புறது வலு குறைவு. கடையில மீன் வாங்கேக்க நீங்க பாக்க வேண்டிய இடமும் அதுதான், நிறத்தப் பாக்காதீங்க, தலைக்குப் பின்னால சதை இருக்கோ எண்டு பாருங்க, பிறகு கடைக்காரரிட்ட உங்களுக்கு முன்னால தீன் போடச் சொல்லுங்க, தின்னுதெண்டாத்தான் காசக் குடுங்க.

புதுசா வைக்கிற ஆளுக்கு கிளவுன் மீன்தான் சரி. எங்கட கடல்ல நான் காணுறது க்ளார்க்கி எண்ட இனம், அது கொஞ்சம் சண்டைக்காரன், கை விட்டா வந்து கொத்தும். கடையில தோடம்பழ நிறத்தில விக்கிறது ஒசலாரிஸ், வளத்தெடுத்த குஞ்சாக் கிடைச்சா அதையே வாங்குங்க, தீனுக்குப் பழகி வந்திருக்கும். கடல்ல அது ஒளிஞ்சிருக்கிற அனிமோன் எண்ட பூ மாதிரி உயிர் இல்லாமலும் இருக்கும். ரெண்டு குஞ்சு வாங்கினாக் காணும், சோடி தேட வேண்டாம், எல்லாம் ஆணாத்தான் வளரும், பிறகு பெருசு பொம்பிளையா மாறிடும், வீட்டில பிறகு ஆர் சொல்லுறது நடக்கும் எண்டு விளங்கும்தானே.

இன்னொண்டு, கரையில கிடக்கிற செத்த முருகைக்கல்லெண்டாலும் தூக்கிக்கொண்டு வராதீங்க. சுண்ணாம்புக்கு உடைச்சு உடைச்சு அழிச்சதாலதான் 1988ல கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தத் திருத்தி, எடுக்கிறது, வச்சிருக்கிறது, கொண்டு போறது எல்லாத்தையும் தடை செய்தவை. நிலாவெளிக்கு முன்னால கடலுக்குள்ள இருக்கிற புறாமலை 1963லயே சரணாலயம், 2003ல தேசிய பூங்கா, அங்க சிப்பி கூட எடுக்கேலாது. தொட்டிக்கு செரமிக் ரிங்கும் கடையில விக்கிற காய்ஞ்ச கல்லும் காணும், மீன்கழிவ மாத்திற பக்டீரியாவுக்கு ஒட்டியிருக்க ஓட்டை ஒடிசல் இருந்தாச் சரி.

கிண்ணியா டீச்சர்:

தம்பிமார் ரெண்டு பேரும் கரண்டப் பத்திக் கதைக்கவே இல்ல. 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கட் பண்ணின நேரம் எங்கட வீட்டில தொட்டி இருந்திச்சு, மகள்தான் ஆசைப்பட்டு வச்சவ. பில்டர் நிண்டு கொஞ்ச நேரத்தில மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடத் தொடங்கிட்டு. சூடான தண்ணியில ஒட்சிசன் குறைவு, அதுவும் உப்புத் தண்ணியில இன்னும் குறைவு. 30 பாகையில நல்ல தண்ணியில லீற்றருக்கு 7.5 மில்லிகிராம் கரையுமெண்டா கடல் தண்ணியில 6.2தான், பிள்ளைகளுக்குப் படிப்பிச்ச கணக்கு வீட்டுக்குள்ள வந்து நிண்டிச்சு.

நானும் மகளும் டோர்ச்ச அலுமாரியில சாத்தி வச்சிட்டு ஜக்கால அள்ளி ஒரு முழ உயரத்தில இருந்து திரும்பத் திரும்ப ஊத்தினோம். விழுற தண்ணி காத்த இழுத்துக்கொண்டு உள்ள போகும், அதுதான் விசயம். இவட வாப்பா பாய்ல படுத்துக்கொண்டு, இந்த மீனுக்குக் காட்டுற அன்ப எனக்கும் காட்டலாமே எண்டார். விடிய அவர்தான் மோட்டர்பைக் பெட்டரியக் கழட்டிக்கொண்டு வந்து சின்ன ஏர் பம்ப் ஒண்டக் கொழுவித் தந்தவர். இப்பவும் அந்தப் பம்ப் தொட்டிக்குப் பக்கத்திலயே தொங்குது. பில்டருக்குள்ள இருக்கிற பக்டீரியாக்கும் ஒட்சிசன் வேணும், கன நேரம் நிண்ட கனிஸ்டர் பில்டர, அதுதான் மூடின வாளி மாதிரி இருக்கிறத, அப்படியே திரும்ப ஓட விடாதீங்க, உள்ள அழுகி நிண்ட தண்ணிய வெளியில ஊத்திட்டுப் போடுங்க. நாறும், மூக்கப் பொத்திக்கொள்ளுங்க.

சாம்பல்தீவு புதுசு:

தொட்டி வாங்கிட்டன், கடல் தண்ணியும் விட்டாச்சு. மீன் எப்ப விடலாம்? ஏசியால வடியிற தண்ணி சுத்தம்தானே, அத குறையிற தண்ணிக்கு விடலாமோ? கடலட்டை ஒண்டு போட்டா மணல் சுத்தமாகுமெண்டு ஒராள் சொன்னவர்.

உவர்மலை வாசி:

தம்பி, அவசரப்படாதீங்க. தோல் உரிச்ச இறால் ஒண்டப் போட்டு விடுங்க, அது அழுகி அமோனியா வரும், ஒரு பக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தும், இன்னொண்டு நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும். இந்த ரெண்டு கூட்டமும் குடியேற நாலில இருந்து ஆறு கிழமை போகும். இடையில வீடு நாறும், வீட்டுக்காரி ஏசுவா, பொறுக்கத்தான் வேணும். டெஸ்ட் கிட்டில அமோனியாக் குழாய் முதல் பச்சையா வரும், பிறகு மஞ்சளுக்குத் திரும்பும். அமோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் பூச்சியமா நிண்ட பிறகு மீன் விடுங்க, அதுவும் ஒண்டு ரெண்டா.

ஏசித் தண்ணி வேண்டாம். உள்ள செப்புக் குழாய், அலுமினியத் தகடு எல்லாத்திலயும் பட்டுத்தான் அது வடியுது. செப்பு கொஞ்சம் சேர்ந்தாலும் இறால், நத்தை, சங்கு நண்டெல்லாம் செத்திடும். குழாய்த் தண்ணியப் பிடிச்சு ஏர் பம்ப் விட்டு ஒரு நாள் வையுங்க, குளோரின் போகட்டும்.

நிலாவெளிப் பெடியன்:

கடலட்டை சின்னத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். மணலத் துப்புரவாக்கும் எண்டது உண்மைதான், ஆனா அது பம்புக்குள்ள மாட்டியோ பசியிலயோ செத்தா விடுற நஞ்சு முழுத் தொட்டியையும் ஒரு ராவில முடிச்சிடும். சங்கு நண்டு நாலஞ்சு விடுங்க, மிச்சச் சாப்பாட்ட அதுகள் பாத்துக்கொள்ளும். ஒண்டு, வெறும் சங்கு கொஞ்சம் பெருசாக் கடையில வாங்கிப் போட்டு வையுங்க, இல்லாட்டி ஒண்டின்ர வீட்ட மற்றது பறிக்கப் போய் அடிபட்டுச் சாகும்.

கிண்ணியா டீச்சர்:

உவர்மலைத் தம்பி, அந்த அலஸ்தோட்டத்து அண்ணை எங்களுக்கும் அள்ளித் தருவாரா? மழைக்கு முதல் எனக்கு அஞ்சு கேன் வேணும்.

உவர்மலை வாசி:

தருவார் டீச்சர். வெள்ளிக்கிழமை அவர் கடலுக்குப் போறேல்ல, சனி விடிய வருவார். எண்ணெய் கிண்ணெய் இருந்த கேனத் தராதீங்க, தண்ணிக் கேன் மட்டும், வெள்ளிப் பின்னேரம் என்ர வீட்ட கொண்டு வந்து வச்சாக் காணும்.