ஒன்பது இசக்கிமுத்துகளும் வரி நோட்டின் அடைப்புக்குறியும்

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் குழுவில் வந்த ஒரு வரியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "நம்ம இசக்கிமுத்து தவறிட்டார். நாளைக்கு அடக்கம்." அனுப்பியவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. துக்கத்தில் கை அவ்வளவுதான் எழுதும். ஆனால் அன்று இரவு ஷார்ஜாவில் என் வீட்டில் நடந்ததை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

மணி பதினொன்று இருக்கும். மனைவியின் போன் அடித்தது. அவள் தூங்கிவிட்டதால் நான் எடுத்தேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் ஊர்ப் பையன். "மைனி..." என்று உடைந்த குரலில் ஆரம்பித்தான். "மைனி தூங்கிட்டா, நான்தான் பேசுதேன்டே" என்றேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் பெரிய அழுகை. "அண்ணாச்சி, நீங்க இருக்கீங்களா? இருக்கீங்கள்லா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். விடிகாலையில் எழுந்ததும் செய்தியைப் பார்த்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த இசக்கிமுத்து நான் ஒருவன்தான்.

அவனை ஆற்றிவிட்டு போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் போனது யார்? நாலைந்து பேரைக் கூப்பிட்டு விசாரித்துத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் ஆனது. மேலத்தெருவில் பிறந்து, சின்ன வயதிலேயே பம்பாய் போய், தாராவியிலேயே வாழ்ந்த பெரியவர். அன்று இரவு என் வீட்டுக்கு ஏழு அழைப்புகள் வந்தன. அந்தப் பெரியவர் வீட்டுக்கு எத்தனை போயிருக்கும் என்று நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. அந்த வீட்டுக்குச் சேர வேண்டிய ஆறுதல் வழிதவறி என் வீட்டுக்கு வந்துவிட்டது.

மறுநாள் கோயில் கொடைத் திருவிழா வரிக்காக வைத்திருக்கும் எக்செல் பட்டியலை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். இசக்கிமுத்து ஒன்பது. சுடலைமுத்து ஆறு. பேச்சியம்மாள் ஐந்து. இசக்கியம்மாள், மாடசாமி, சொரிமுத்து என்று அப்புறமும் போகிறது. மொத்தமே இருநூற்றுச் சொச்சம் தலைக்கட்டு.

இது ஏன் இப்படி என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். வேறு பெயரே கிடைக்கவில்லையா என்கிறார்கள். கிடைக்காமல் இல்லை. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். சங்கப் பாட்டிலேயே மகனைத் 'தந்தை பெயரன்' என்று சொல்லியிருக்கிறார்கள். என் தாத்தா இசக்கிமுத்துவுக்கு ஆண்பிள்ளைகள் நான்கு. நான்கு பேரும் தலைமகனுக்கு அப்பா பெயரைத்தான் வைத்தார்கள், விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை. ஒன்பதில் நான்கு எங்கள் ஒரே வீட்டுக் கணக்கு. ஒரு தலைமுறை தாண்டி அடுத்ததில் பெயர் இப்படிப் பெருகும். தாத்தாவுக்கு அந்தப் பெயர் வந்தது நேர்த்திக்கடனில். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன பிறகு முப்பந்தல் இசக்கியம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவர் என்று ஆச்சி சொல்லுவாள்.

ஒரே கூரையின் கீழ் நான்கு இசக்கிமுத்து இருந்தும் எங்களுக்குள் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. ஏனென்றால் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது வழக்கம். என் அம்மா கடைசிவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'யய்யா' என்றுதான் கூப்பிடுவாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு "பையன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அவர் இரண்டாவது தடவை கேட்டபோது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அக்காதான் சொன்னாள்.

பட்டப்பெயர் எல்லாம் கேலிக்கு வைத்தது என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் நம் அம்மாக்களும் சித்திகளும் வேறு வழியில்லாமல் உண்டாக்கியவை. எங்கள் வீட்டில் பெரியவன், கருத்தவன், கண்ணாடி, டவுன்காரன். நான் கண்ணாடி, ஆறு வயதில் கண்ணாடி போட்டதால். ஊருக்குள் இன்றும் 'கண்ணாடி' என்றால்தான் நான். இசக்கிமுத்து என்றால் "எந்த இசக்கிமுத்து?" என்று கேட்பார்கள்.

பெயரை வைத்தே ஆளின் சீமையைச் சொல்லிவிடலாம் என்று என் மாமா சொல்லுவார். கோமதிநாயகம் என்றால் சங்கரன்கோவில் பக்கம், குற்றாலிங்கம் என்றால் தென்காசிப் பக்கம், காந்திமதிநாதன் என்றால் திருநெல்வேலி டவுன், தாணுமாலயன் என்றால் சுசீந்திரம். கழுகாசலம் என்றால் கழுகுமலை என்று கேட்காமலே சொல்லலாம். நம் ஊர் சாகுல் ஹமீதுகளுக்கு நாகூர் ஆண்டவர் பெயர். கடற்கரையில் சவேரிமுத்துவும் சவேரியம்மாளும் அத்தனை பேர் இருப்பது, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரால். எந்தச் சாமியாக இருந்தாலும் செய்யும் முறை ஒன்றுதான். வேண்டிக்கொள்வது, பிள்ளை பிறந்ததும் அந்தப் பெயரை வைப்பது.

பட்டியலில் பிறந்த வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. சாமி பெயர்களுக்கு நடுவே போஸ், ஜவகர், கொஞ்சம் தள்ளி லெனின், அப்புறம் அன்பழகன், தமிழ்ச்செல்வி. எட்டயபுரம் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, பாரதி என்று ஆணும் இருக்கிறார், பெண்ணும் இருக்கிறார். எண்பதுகளில் ரமேஷும் சுரேஷும். தொண்ணூறுகளில் கார்த்திக்கும் திவ்யாவும். இப்போது யாழினி, ஆதிரா. ஆக, எல்லோரும் ஒரே பெயரை வைக்கும் வழக்கம் எங்கேயும் போய்விடவில்லை. முன்பு தாத்தாவைப் பார்த்து வைத்தோம், இப்போது ஒருவரை ஒருவர் பார்த்து வைக்கிறோம். எனக்கு முந்தியதுதான் பிடித்திருக்கிறது.

ஒரு பெயரை மட்டும் எண்ணிச் சொல்ல மனசு வரவில்லை. போதும்பொண்ணு. பட்டியலில் இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள். பெண்பிள்ளை இனி வேண்டாம் என்று சாமியிடம் சொல்வதற்கு ஒரு குழந்தையையே கடிதமாக ஆக்கியிருக்கிறோம். அதில் ஒரு அக்காதான் இன்று தன் அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். இதை ஊராக நாம் ஒருநாள் அவர்களிடம் பேசத்தான் வேண்டும்.

சரி, ஆளை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். வேறு ஊர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கமும் அது போனது. அந்த வால் போனதில் எனக்கு முழுச் சந்தோஷம். ஆளை அடையாளம் காட்ட அது திரும்பி வரவே வேண்டாம். நமக்கு இனிஷியல் இருக்கிறது. ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதுவதால் பாதிப் பயன் போய்விடுகிறது. என் பெரியப்பா சங்கரன், என் அப்பா சுடலைமுத்து. ஆங்கிலத்தில் பெரியப்பா மகனும் எஸ். இசக்கிமுத்து, நானும் எஸ். இசக்கிமுத்து. தமிழில் எழுதினால் அவர் ச. இசக்கிமுத்து, நான் சு. இசக்கிமுத்து. ஒரு உகரத்தில் இரண்டு ஆளும் தனித்தனியாக நிற்கிறோம்.

வெளிநாட்டில் இந்த இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் வரும் பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். மலேசியாவில் இருப்பவர்கள் பெயருக்கு நடுவே ஏ/எல் என்று போட்டு அப்பா பெயரை எழுதுகிறார்கள், சிங்கப்பூரில் எஸ்/ஓ. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் அமீரகத்துக்குள் வரமுடியாது என்று அறிவித்தபோது, நம் ஆட்களில் சிலர் அவசரமாக அப்பா பெயரைச் சேர்க்க ஓடினார்கள். என் அலுவலகத்தில் என்னைக் கூப்பிடுவதே 'சுடலைமுத்து' என்றுதான். அப்பா உயிரோடு இருந்தவரை இதைச் சொன்னால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் ஊரிலிருந்து பழைய வரி நோட்டின் படங்களை அனுப்பியிருந்தார்கள். நீல மையில் கணக்குப்பிள்ளையின் சாய்ந்த எழுத்து. இசக்கிமுத்து (ஓட்டு வீடு). இசக்கிமுத்து (கிணத்தடி). இசக்கிமுத்து (கொழும்பு). கொழும்பு என்றது என் தாத்தாவை. இலங்கைக்குப் போய்த் திரும்பியவர். ஒவ்வொரு பெயருக்கும் அடைப்புக்குறிக்குள் ஆளையே வைத்திருக்கிறார் அந்த மனிதர். அந்தப் பெயர்களைக் கணினியில் ஏற்றும்போது அடைப்புக்குறியை எடுத்துவிட்டேன். பட்டப்பெயர் மரியாதையாக இருக்காது என்று நினைத்து நான்தான் எடுத்தேன். தப்பு என்னுடையது.

அதனால் பட்டியலில் மூன்று கட்டங்கள் சேர்த்திருக்கிறேன். தமிழில் இனிஷியல், தெருவும் வீட்டு அடையாளமும், ஊரில் உங்களைக் கூப்பிடும் பெயர். மூன்றாவதில், கேட்டால் உங்களுக்கு வலிக்கும் பெயர் எதையும் எழுத வேண்டாம். பெண்கள் பிறந்த வீட்டுத் தெருவையும் எழுதுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் எனக்குத் தனி மடலில் அனுப்பினால் போதும். இனிமேல் நல்லது கெட்டது எது என்றாலும் குழுவில் பெயரோடு தெருவையும் சேர்த்துப் போடுங்கள்.

இன்னொன்று. தாராவியில் காலமான பெரியவரை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அவர் மகனிடம் கேட்டேன். அப்பா சொன்னதில்லை என்றார். மேலத்தெருவில் அவரோடு விளையாடியவர்கள், அல்லது அப்படி யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அவர் வரியில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

அன்புடன்
சு. இசக்கிமுத்து
கீழத்தெரு (கண்ணாடி)